மடங்கிய விரல்

சயான் என்று நாம் வழங்கும் ஊரை மராத்தி மக்கள் ‘சீவ்’ என்பர். எல்லை என்பது அச்சொல்லின் பொருள். மும்பைத் தீவு முடிவுறும் வடமுனை அது. அப்பால் உப்பங்கழியும் சாஷ்டித் தீவும் இருந்தன. ஆங்கிலேயர் 1669-ஆம் ஆண்டுக்கும் 1677-ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்குள்ள குன்றின்மீது ஒரு சிறு கோட்டை எழுப்பியதும் அந்த எல்லையைக் காப்பதற்காகவே. இன்று மின்சார ரயிலில் சயானைக் கடந்து செல்பவர், தாம் ஓர் எல்லையைக் கடக்கிறோம் என்று உணர்வதில்லை. குன்றைச் சுற்றிலும் வீடுகள். நடந்து செல்லும் தொலைவில் தமிழ்ச் சங்கம். பெருஞ்சாலையை ஒட்டி, 1947-ஆம் ஆண்டில் இராணுவக் கொட்டகைகளில் பத்துப் படுக்கைகளுடன் தொடங்கி வளர்ந்த லோகமான்ய திலகர் பெயர் தாங்கிய நகராட்சி மருத்துவமனை. மேற்கே தாராவி, தெற்கே மாதுங்கா, வடகிழக்கே செம்பூர். தென்னாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம்மவர் பெரும்பாலும் இந்த எல்லைப் புறத்திலேதான் வேர் ஊன்றினர்.

நகரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தமக்குத் தேவையாயினும் முகம் சுளிக்கும் பொருள்களையும், தாம் அஞ்சும் மனிதரையும் எல்லையில் கொண்டுபோய் வைக்கும். தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வந்ததும், அத்தொழிலில் தேர்ந்த திருநெல்வேலிச் சீமையார் அங்கே குடியேறியதும் இவ்வழக்கத்தால் விளைந்தவையே. 1890-ஆம் ஆண்டில், அந்நாளைய மாநகராட்சி ஆணையர் ஹாரி அக்வொர்த் என்பார், வீடு வாசலற்ற தொழுநோயாளருக்கென ஓர் இல்லத்தை மாதுங்காவில் நிறுவினார். இன்று வடாலா எனப்படும் அப்பகுதி அந்நாளில் வயலும் சதுப்புமாகக் கிடந்தது. இந்த அக்வொர்த், மராட்டியரின் ‘பவாடா’ என்னும் வீரக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்திலும் ஆக்கியவர். மனிதர் பாடியதைக் கேட்கும் செவி படைத்த ஓர் அதிகாரி, மனிதரை வேலிக்குள் வைக்கவும் வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, அவரைப் புகழ்வதா குறைகூறுவதா என்று எனக்குத் தோன்றுவதில்லை. அவர் பெயரால் வழங்கும் மருத்துவமனை இன்றும் அங்கே இருக்கிறது.

அந்த நோயைப் பற்றியே இங்குக் கூற விழைகிறேன். ஆயினும் தோலைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. நரம்பைப் பற்றியும், நரம்பு கெட்டபின் கை என்ன செய்கிறது, மூளை என்ன செய்கிறது என்பதைப் பற்றியுமே சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு சமையற்காரரை நேயர்களுக்கு அறிமுகம் செய்விக்கிறேன்.

1970-களின் பிற்பகுதியில், மாதுங்காவில் ஒரு சாப்பாட்டு விடுதியில் மாதச் சாப்பாடு உண்டு வந்தேன். விடுதியின் பெயர் வேண்டாம். அங்கே தலைமைச் சமையற்காரரை அனைவரும் ‘மாமா’ என்றே அழைப்போம். குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரினர். கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் துணியோ இடுக்கியோ இன்றி வெறுங்கையால் இறக்கி வைப்பார். பரிமாறும் பையன்கள் அதனை ஒரு வித்தைபோல வியந்து பார்ப்பார்கள். “மாமா கை இரும்புக் கை” என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். நானும் வியந்தவர்களுள் ஒருவன். அவருடைய வலக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சற்றே உள்நோக்கி வளைந்திருந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் உள்ளங்கையில் பெரிய கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. உண்ண வந்தவர்களுள் யாரோ ஏதோ சொல்ல, மறுநாள் மாமா அங்கு இல்லை. கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டதாகக் கல்லாவில் இருந்தவர் சொன்னார். அண்டாவை இறக்க இரண்டு பையன்கள் வேண்டியிருந்தது.

அவர் கை இரும்பாகவில்லை. உணர்வு அற்றுப் போயிருந்தது. இந்த வேறுபாட்டை அறிய உலகத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று.

தொழுநோயை நம் முன்னோர் பெருநோய் என்றனர். வடமொழி வழியாகக் குஷ்டம் என்றும் சொன்னார்கள். தோலில் தேமல் தோன்றுவதால் அது தோலின் நோய் என்றே எங்கும் எண்ணப்பட்டது. 1847-இல் நார்வே நாட்டு மருத்துவர் டேனியல்சன், பேக் என்னும் இருவர் எழுதிய பெருநூல், உணர்வு மரத்துப்போகும் வகை ஒன்று அந்நோயில் உண்டெனத் தெளிவாக விவரித்தது. அந்நாட்டின் பெர்கன் நகரில் 1873-ஆம் ஆண்டில் ஹான்சன் என்பவர் நோய்க்குக் காரணமாகிய கிருமியைக் கண்டார். மனிதருக்கு நோய் விளைவிக்கும் கிருமி என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டவற்றுள் அஃது ஒன்று. விந்தையான கிருமி. ஒன்று இரண்டாகப் பெருகப் பன்னிரண்டு பதினான்கு நாள்கள் எடுத்துக்கொள்ளும். செயற்கை ஊட்டத்தில் வளராது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடும். நரம்பு இழைகளைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் உயிரணுக்களுக்குள் அது குடிபுகும். அவ்வுயிரணுக்கள், 1839-இல் அவற்றை விவரித்த ஜெர்மானியர் ஒருவரின் பெயரைப் பெற்றவை.

நம் கையின் அமைப்பை இங்குச் சிறிது நோக்க வேண்டும். விரல்களை இயக்கும் தசைகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. வலிமைக்குரிய பெருந்தசைகள் முன்கையில் உள்ளன; அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து கயிறுகள்போல் விரலுக்குச் செல்கின்றன. நுட்பத்துக்குரிய சிறுதசைகள் உள்ளங்கையிலேயே இருக்கின்றன. ஊசியில் நூல் கோப்பதும், சோற்றைப் பிசைந்து கவளமாக்குவதும், வீணையின் தந்தியை மீட்டுவதும் இச்சிறுதசைகளின் உதவியாலே. விரலின் அடிமூட்டை மடக்கி, நடுமூட்டையும் நுனிமூட்டையும் நேராக நிறுத்துவது அவற்றின் பணி. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஆணை கொண்டு செல்வது அல்நர் என்னும் நரம்பு. முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டபோது சுண்டுவிரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு விதிர்ப்பு ஏற்பட்டதை அனைவரும் அறிவோம். இடிபட்டது எலும்பன்று, அதன் பின்புறம், தோலுக்கு மிக அண்மையில் ஓடும் இந்த நரம்பே. தோலுக்கு அருகில் இருப்பதால் அவ்விடம் குளிர்ந்தது; குளிர்ந்திருப்பதால் கிருமி அங்கே தங்குகிறது. உடல் அக்கிருமியை எதிர்த்துப் போரிடும்போது நரம்பு வீங்குகிறது. இறுக்கமான உறைக்குள் வீங்க இடமின்றி நசுங்குகிறது. கிருமி செய்யும் தீங்கைவிட இப்போரினால் விளையும் தீங்கு பல வேளைகளில் பெரிது.

நரம்பு நசுங்கியதும் இரண்டு இழப்புகள் நேரும். உணர்ச்சி இழை கெடுவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலில் ஒரு பாதியும் சூட்டையும் வலியையும் அறியமாட்டா. இயக்க இழை கெடுவதால் சிறுதசைகள் செயலிழக்கும். அப்போது எதிர்ப்பாரின்றி முன்கைத் தசைகள் விரல்களை இழுக்க, அடிமூட்டு நிமிர்ந்து, மற்ற மூட்டுகள் மடங்கி, கை பறவையின் கால்நகம்போல் வளைந்து நிற்கும். மணிக்கட்டில் ஓடும் மற்றொரு நரம்பும் கெட்டால் கட்டைவிரலும் வீழும்.

இதனை அறியாத காலத்தில் சட்டம் ஒன்று பிறந்தது. 1890, 1891 ஆண்டுகளில் நாடெங்கும் சுற்றி ஆராய்ந்த தொழுநோய்க் கமிஷன், இந்நோய் தொற்றும் ஆற்றல் மிகச் சிறிது என்றும், நோயாளரைக் கட்டாயமாக ஒதுக்கிவைத்தல் தேவையில்லை என்றும் கருதியது. ஆனால் அச்சம் அறிக்கைகளைப் படிப்பதில்லை. 1898-ஆம் ஆண்டின் சட்டம், எவருக்குப் புண் தோன்றத் தொடங்கிவிட்டதோ அவரையே தொழுநோயாளர் என்று வரையறுத்தது. அவர் பிச்சையெடுப்பவராயின் காவலர் பிடித்து இல்லத்துக்கு அனுப்பலாம். உணவுப்பொருள் ஆக்கி விற்பது, பொதுக் கிணற்றில் நீராடுவது, பொது வண்டியில் செல்வது ஆகியவற்றைத் தடைசெய்யவும் அச்சட்டம் இடம் தந்தது.

புண்ணைத் தொற்றின் அடையாளமாகச் சட்டம் கொண்டது. நம் சமையற்காரரின் கையில் இருந்த புண் எதன் அடையாளம்? சூடான அண்டாவின் அடையாளம். வேறொன்றுமில்லை. இச்சிறு உண்மையை அறிந்துரைக்க ஒருவர் வேண்டியிருந்தது; அவர் தமிழ்நாட்டிலேயே தோன்றினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

கொல்லிமலையில் பாதிரிமார் குடும்பத்தில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் ரண சிகிச்சை கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றார். அங்கே ராபர்ட் காக்ரேன் என்னும் அறிஞர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அதுவரை நீரடிமுத்து எண்ணெயையே நம்பியிருந்த மருத்துவத்தில் ‘சல்போன்’ என்னும் புதிய மருந்தை இந்நாட்டில் ஆய்ந்து பயன்படுத்திய முன்னோடி அவர். நோயாளர்களின் மடங்கிய கைகளைப் பார்த்துக்கொண்டு சென்ற பிராண்ட், ஓர் இளைஞரின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, இயன்றமட்டும் அழுத்துமாறு கேட்டார். முடமான கைதானே என்று எண்ணியவர் வலியால் துடித்துப்போனார். அந்தக் கணத்தில் அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. கை முழுவதும் சாகவில்லை. முன்கையின் பெருந்தசைகளிற் பெரும்பாலானவை நல்ல உயிரோடு இருக்கின்றன. உள்ளங்கைச் சிறுதசைகளே வீழ்ந்துவிட்டன. வீடு இடியவில்லை, ஓர் அறையில் மட்டும் விளக்கு அணைந்திருக்கிறது.

அடுத்து அவர் ஆராய்ந்தது புண். தொழுநோயாளரின் சதை ‘கெட்ட சதை’, அதனைக் கீறினால் ஆறாது என்பது அந்நாளைய மருத்துவர் பலரின் எண்ணம். பிராண்ட் ஒவ்வொரு புண்ணும் எவ்வாறு வந்தது என்று துப்பறிபவர்போல் விசாரித்தார். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியை எளிதாகத் திருகித் திறந்ததையும், அவன் விரலில் சாவி எலும்புவரை வெட்டியிருந்ததையும், அவன் அதனை அறியவே இல்லை என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். இரவில் நல்ல விரலோடு உறங்கச் சென்றவர் காலையில் விரல்நுனி இழந்து எழும் புதிரும் விடுவிக்கப்பட்டது: எலிகள். உறங்குபவருக்கு வலி தெரியாததால் எலி அஞ்சவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பும் நோயாளர் ஒவ்வொருவரும் ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே விதியாயிற்று. மருத்துவ வரலாற்றில் பூனைக்கு இவ்வளவு மதிப்பு வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயம். விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை. காயமும் சீழும் எலும்பைச் சிறிது சிறிதாக அரித்துக் குறுகச் செய்கின்றன. காத்துக்கொண்டால் விரல் இருக்கும்; காயம்பட்ட இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும். கெட்ட சதை என்ற ஒன்று இல்லை.

விரலைக் காப்பது ஒன்று; விளக்கு அணைந்த அறைக்கு ஒளி கொண்டுவருவது மற்றொன்று. நரம்பையே மீண்டும் வளர்க்க இயலாதா என்று கேட்கத் தோன்றும். இதற்கு ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி விடை கூறியிருந்தது. 1850-இல் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கிலேயர் தவளை நாக்கின் நரம்பை வெட்டிப் பார்த்து, தாய் அணுவிலிருந்து துண்டான பகுதி அழிந்து சிதைவதைக் கண்டார். ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், முளைத்துச் செல்லும் நரம்பு இழையின் நுனியில் வேர்நுனி போன்ற ஓர் உறுப்பு வழிதேடிச் செல்வதை 1890-இல் விவரித்தார். கருவில் குழந்தையின் கை உருவாகும்போது, தண்டுவடத்திலிருந்து புறப்படும் இழைகள் இத்தகைய நுனிகளைக் கொண்டே தத்தம் தசையைச் சென்றடைகின்றன. 1907-இல் ராஸ் ஹாரிசன் என்னும் அமெரிக்கர், தவளைக் கருவின் நரம்பணுவை உடலுக்கு வெளியே ஒரு துளி நீர்மத்தில் வைத்து, இழை கண்முன்னே நீள்வதைக் காட்டி ஐயத்தைப் போக்கினார்.

வளர்ந்தவரின் கைநரம்பு வெட்டுண்டாலும் இந்த முளைக்கும் ஆற்றல் முற்றிலும் இறந்துவிடுவதில்லை. சிதைந்த இழையின் எச்சத்தை ஷ்வான் உயிரணுக்கள் துப்புரவு செய்து, வரிசையாக நின்று வழி அமைத்துத் தருகின்றன. புதிய இழை அவ்வழியே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து செல்லும். முழங்கையிலிருந்து உள்ளங்கை சுமார் முந்நூறு மில்லிமீட்டர். எனவே பயணம் ஓராண்டுக்கு அண்மையில் ஆகும். ஆணை வராத தசையோ அதற்குமேல் நெடுநாள் காத்திராது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தால் நாராகச் சுருங்கிவிடும். விபத்தில் வெட்டுண்ட நரம்பைத் தைத்தால் ஓரளவு பயன் கிடைப்பதும், தாமதித்தால் கிடைக்காமற் போவதும் இக்கணக்கினாலேதான். தொழுநோயில் நிலைமை இன்னும் கொடிது. வழிகாட்ட வேண்டிய ஷ்வான் உயிரணுக்களே கிருமியின் உறைவிடம். நீண்டநாள் நோயில் நரம்பின் உட்புறம் தழும்பாக இறுகிவிடுகிறது. பாதையும் இல்லை, பாதை காட்டுவாரும் இல்லை.

எனவே பிராண்ட் வேறு வழி கண்டார். இறந்த தசைக்கு உயிர் கொடுக்க முயலாமல், உயிருள்ள தசைக்குப் புதிய வேலை கொடுத்தார். தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் முறை போரில் காயமுற்றவர்க்கும் இளம்பிள்ளைவாதம் கண்டவர்க்கும் முன்பே கையாளப்பட்டதுதான். அதனைத் தொழுநோயாளர் கைக்கு 1948-இல் வேலூரில் அவர் கொண்டுவந்தார். முன்கையில் மணிக்கட்டை உயர்த்தும் தசைகள் சில உள்ளன. அவற்றுக்கு ஆணை தரும் நரம்பை இந்நோய் அரிதாகவே தொடும். அவற்றுள் ஒன்றைப் பிரித்து, கெண்டைக்காலிலிருந்து எடுத்த மெல்லிய, இழப்பதால் தீங்கில்லாத ஒரு தசைநாணை அதனோடு இணைத்து, நான்கு வால்களாகப் பிளந்து நான்கு விரல்களிலும் கட்டினார். அவ்வளவில் பொறியியல் முடிந்தது.

அதன்பின் நிகழ்ந்ததையே நான் பெரிதும் வியக்கிறேன். கட்டவிழ்த்த கையோடு அமர்ந்திருக்கும் நோயாளர் விரலை மடக்க விரும்புகிறார், விரல் அசைவதில்லை. மூளை இன்னும் இறந்த தசைக்கே ஆணை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பயிற்சியாளர் அருகிலிருந்து, “விரலை மறந்துவிடுங்கள், மணிக்கட்டை உயர்த்த நினையுங்கள்” என்கிறார். நினைத்தால் விரல் மடங்குகிறது! நோயாளர் திகைத்துப் பார்க்கிறார். மீண்டும் மீண்டும், நாள்தோறும், மெழுகுருண்டையும் மரக்கட்டையும் பிடித்துப் பழகுகிறார். சில வாரங்களுக்குப்பின் மணிக்கட்டைப் பற்றிய நினைவே வருவதில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க எண்ணுகிறார், கை பிடிக்கிறது. தண்டுவடத்தில் அத்தசைக்குரிய நரம்பணுக்கள் பழையவையே, நரம்பும் பழையதே. அவற்றை எப்போது அழைப்பது என்பதை மூளை புதிதாகக் கற்றுக்கொண்டது.

இக்கல்வி எளிதானதற்கு ஒரு காரணம் உண்டு. நேயர்கள் இப்போதே முஷ்டியை இறுகப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு தானாகவே சற்று மேல்நோக்கி உயரும். விரல் மடங்கும்போதெல்லாம் மணிக்கட்டை உயர்த்தும் தசைகளும் உடன் இயங்குகின்றன. பிறந்த நாள்முதல் மூளை அவ்விரண்டையும் சேர்த்தே ஏவி வந்திருக்கிறது. ஒரு தசை இயங்கும்போது எது துணை நிற்பது, எது தளர்ந்து வழிவிடுவது என்ற ஒழுங்கு தண்டுவடத்திலேயே அமைந்திருப்பதை இங்கிலாந்தின் ஷெரிங்டன் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து கூறியிருந்தார். பழைய தோழனுக்குப் பக்கத்து வீட்டு வேலையைக் கொடுத்ததுபோல் ஆயிற்று; முற்றிலும் பகையான தசையைக் கொண்டுவந்திருந்தால் பாடம் கடினமாகியிருக்கும். வளர்ந்த மூளை மாறாதது என்றே அக்காலத்தில் பலர் எண்ணினர். 1980-களில் அமெரிக்காவில் மெர்சனிக் என்பாரும் அவர் குழுவினரும் குரங்கின் கைநரம்பை வெட்டி, மூளையில் அக்கைக்குரிய பரப்பு எவ்வாறு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று அளந்து காட்டினர். வேலூரின் நோயாளர்கள் மூளை கற்பதைத் தம் கைகளால் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே காட்டியிருந்தனர்.

அவ்வேலூரிலேயே இளம் மருத்துவராக இருந்தவர், கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் அம்மையார். 1954-இல் கார் விபத்தில் அவர் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழ் இயக்கமற்றுப் போயிற்று. கைநரம்பு முளைக்கும், தண்டுவடத்தின் இழைகள் முளைத்து வழி செல்வதில்லை. அவற்றுக்கும் வளரும் ஆற்றல் ஓரளவு உண்டு, சூழலே இடந்தருவதில்லை என்பதை 1981-இல் கனடாவில் அகுவாயோவின் ஆய்வு காட்டியது. கைகால் நரம்பின் துண்டு ஒன்றைப் பாலம்போல் வைத்தபோது தண்டுவட இழைகள் அதனுள் நீண்டன. ஆயினும் இன்றளவும் முறிந்த தண்டுவடத்தை முழுமையாக இணைத்துத்தரும் மருத்துவம் வரவில்லை. மேரி அம்மையார் எதற்காகவும் காத்திருக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்யக் கற்றார். அந்த மேசைக்கு இருபுறமும் நரம்பை இழந்தவர்கள் இருந்தனர். ஒருவருக்குக் கை இயங்கவில்லை, ஒருவருக்குக் கால். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று வந்து, ஊனமுற்றோரின் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வேலூரில் தனித்துறையையே வளர்த்தார்.

மும்பைக்குத் திரும்புவோம். ஜே. ஜே. மருத்துவமனையில் பணியாற்றிய நோஷிர் அந்தியா என்னும் பார்சி அறிஞர், நோயினால் அமிழ்ந்த மூக்கையும் மடங்கிய கையையும் சீர்செய்தார். தொழுநோயாளரைத் தனி இல்லத்துக்கு அனுப்பாமல் பொது மருத்துவமனையிலேயே மற்றவரோடு வைத்து மருத்துவம் செய்ய வேண்டும் என்று அவர் வாதாடினார். சயான் எல்லையிலோ, டாக்டர் ஆர். கணபதி 1976-இல் பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தைத் தொடங்கினார். அதன் தலைமையிடம் சயான்–சுனாபட்டியில் உள்ளது. நோயாளரை வேலிக்குள் அழைக்காமல், மருத்துவம் தாராவிச் சந்துகளுக்குள் நடந்து சென்றது இவர் போன்றோர் காலத்திலேதான். பள்ளிப்பிள்ளைகளின் உடலைச் சோதித்துத் தேமலைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தார்கள். தோல் கிடங்கிலும் இட்லி வண்டியிலும் வேலைசெய்வோர் வேலையை விடாமலே மருந்து பெற்றனர்.

1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குத் தொற்றும் நிலை நீங்கிவிடும். 1995 முதல் உலகெங்கும் அம்மருந்து இலவசம். ஆனால் கிருமி செத்தாலும் கெட்ட நரம்பு தானே மீளாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நரம்பு வலித்து வீங்கிய, அல்லது விரல் வலுவிழந்த ஆறு மாதத்துக்குள் வந்தால் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தால் பலருக்கு நரம்பு ஓரளவேனும் மீள்கிறது. பின்னர் வந்தால் பிராண்டின் கத்தியும் பயிற்சியுமே வழி. அதனால் இயக்கம் திரும்பும், உணர்ச்சி திரும்பாது. ஆகவே சீர்செய்த கையையும் கண்ணால் காவல் காக்க வேண்டும். மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு வந்ததும் இதற்காகவே.

கிருமி ஷ்வான் உயிரணுவை எவ்வாறு தன் வயப்படுத்துகிறது என்பதும் இப்போது தெரியவந்திருக்கிறது. 2013-இல் எடின்பரோவில் அனுரா ரம்புக்கனவும் அவர் குழுவினரும், இக்கிருமி முதிர்ந்த ஷ்வான் உயிரணுவின் அடையாளத்தையே அழித்து, அதனை இன்னும் தொழில் தேராத கருவணு போன்ற நிலைக்குத் திருப்பிவிடுவதைச் சுண்டெலியின் அணுக்களில் கண்டனர். நரம்பை அழிக்கும் கிருமி, அணுவை இளமைக்குத் திருப்பும் வித்தையையும் அறிந்திருக்கிறது! அவ்வித்தையை நாமும் கற்றால், தழும்பேறிய நரம்புக்குப் புதிய வழி அமைக்கலாமோ என்று அறிஞர் எண்ணுகின்றனர்.

அறிவு இவ்வளவு தூரம் நடந்தபின்னும் 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்தே வந்தது. 2016-இல்தான் அது நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019-இல் அகற்றப்பட்டன. நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று 2005-ஆம் ஆண்டின் இறுதி நிலையைக்கொண்டு நாடு அறிவித்தது. ஆயினும் புதிதாக நோய் காணப்படுவோர் தொகை இந்தியாவில் ஆண்டொன்றுக்கு இலட்சத்தை ஒட்டியே இருந்துவருகிறது. ஊர்விட்டு ஊர் சென்று உழைப்போர், தேமலை ஒருவரிடமும் காட்டாமல் சட்டைக்குள் மறைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம்.

மாமாவும் அவ்வாறே மறைத்தவர். சில ஆண்டுகள் கழித்து அவரைத் தாராவியில், தொண்ணூறடிச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் கண்டேன். தேமல் கண்டதும் ஊரார் அறியக்கூடாதென்று ரயிலேறி வந்ததாகச் சொன்னார். அவர் பிறந்த சிற்றூரிலிருந்து கரிகிரித் தொழுநோய் மருத்துவமனை பஸ்ஸில் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய தூரம். 1955 முதல் அது அங்கே இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் கடந்து வந்து, தாராவிச் சந்தில் வீடு வீடாக வந்த ஊழியர் ஒருவரின் கண்ணில் பட்டபின்னரே அவருக்கு மருந்து கிடைத்தது. அவ்வூழியர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா நுனியால் உள்ளங்கையில் பல இடங்களில் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னாராம். சுண்டுவிரற் பக்கம் தொட்டபோதெல்லாம் இவர் கையை அசைக்காமல் அமர்ந்திருந்தாராம். பிறகு ரண சிகிச்சையும் நடந்தது.

“விரலை நினைக்காதே, மணிக்கட்டை நினை என்றார்கள், தம்பி. ஒரு மாதம் கரண்டி பிடிப்பதற்கு முன்னால் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். இப்போது எதை நினைக்கிறேன் என்பதே தெரியவில்லை” என்றார். பேசிக்கொண்டே அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்து, பாத்திரத்தின் விளிம்பில் கண்ணால் பார்த்து வைத்து, அதன்பின் பிடித்தார்.